மறு: 'பிழையுணர்வு அலை' வேண்டாம், 'பிழைகாண் அலை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தவறு செய்த கணத்திலேயே மூளையில் எழும் எதிர்மின் அலைக்கு (ஆங்கிலத்தில் error-related negativity) தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் 'பிழையுணர்வு அலை' என்ற பெயருக்குத்தான் ஆதரவு அதிகம். கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அலை எழ, தவறிவிட்டோம் என்ற உணர்வு தேவையே இல்லை. பெயரிலேயே 'உணர்வு' இருந்தால், தமிழ்வழியில் உளவியல் படிக்கிற பிள்ளைகள் முதல் அடியிலேயே தடுமாறுவார்கள்.

சோதனை எளிது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் காட்டி, மையின் நிறத்துக்கு உரிய பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவசரத்தில் விரல் சிவப்புக்குப் போய்விடும். அப்போது இ.இ.ஜி. (தலையில் மின்வாய் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதியும் முறை) எடுத்துக்கொண்டிருந்தால், விரல் தவறிய 50 முதல் 100 மில்லிநொடிக்குள், உச்சந்தலைக்குச் சற்று முன்பக்கத்தில் எதிர்மின் அலை ஒன்று கூர்மையாகத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன் குழுவும் அமெரிக்காவில் கெஹ்ரிங் குழுவும் தனித்தனியே இதைக் கண்டார்கள். மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட் புறணிதான் இதன் ஊற்று என்பது பெரும்பாலோர் கருத்து. 2001இல் கண்ணசைவை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தவறியது தெரியவே தெரியாது என்றவர்களிடமும் இந்த அலை இருந்தது. அதன் பிறகு, 200 முதல் 400 மில்லிநொடி வாக்கில் வரும் நேர்மின் அலைதான் 'அடடா, தப்பாகிவிட்டதே' என்று தெரியும்போது பெரிதாகிறது. முதல் அலையின் உயரமும் உணர்வுக்கு ஏற்ப ஓரளவு மாறும் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அது எழ உணர்வு வேண்டும் என்று ஆகிவிடாது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று தட்டச்சு. எங்கள் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மாலை நேரத்தில் லோயர், ஹையர் தேர்வுக்குப் பழகும் பிள்ளைகளைக் கவனித்தால், தாளைப் பார்க்கும் முன்பே விரல் தயங்குவது தெரியும். 2010இல் உளவியலாளர்கள் லோகனும் கிரம்ப்பும் தேர்ந்த தட்டச்சர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்கள் செய்த பிழைகளில் சிலவற்றைக் கணினி சத்தமில்லாமல் திருத்தித் திரையில் காட்டியது. சில சமயம் செய்யாத பிழையைச் செய்ததாகக் காட்டியது. ஆட்கள் திரையை நம்பினார்கள். திருத்தப்பட்டதற்குப் பெருமையும், திணிக்கப்பட்டதற்குப் பழியும் ஏற்றுக்கொண்டார்கள். விரல்களோ ஏமாறவில்லை. உண்மையில் பிழை நேர்ந்த இடத்தில் மட்டும் அடுத்த எழுத்து தாமதமாக விழுந்தது. ஆளுக்குள்ளேயே பிழை காணும் அடுக்குகள் இரண்டு இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை.

ஆகவே இரண்டு பெயர் வேண்டும். முன்னதற்குப் 'பிழைகாண் அலை', பின்னதற்குப் 'பிழையுணர் அலை'. இரண்டும் ஏவுகணை, சுடுகலன் போல வினைத்தொகை. சேர்ந்து நிற்கும்போது வேறுபாடும் துலங்கும். 'காண்' என்றால் கண் வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். குற்றம் காண்கிறோம், விடை காண்கிறோம். அங்கெல்லாம் கண்ணுக்கு வேலை இல்லை. 'எதிர்மின்' என்பது பெயரில் விடுபடுகிறது என்பது சரியான குறைதான். அதை விளக்கத்தில் சொல்லிவிடலாம். எதிர்மின்னை மேல்நோக்கி வரையும் ஆய்வகங்களும் இருப்பதால் படத்தை வைத்துக் குழம்பவும் இடமுண்டு.

'தவறலை' என்று சுருக்கமாக ஒரு பரிந்துரை வந்தது. உண்மையில் இங்கே நடப்பது கைத்தவறுதான். சரியான விடை தெரிந்திருந்தும் கை மாறிப்போகிறது. பொருளளவில் 'பிழை'யைவிடத் 'தவறு' பொருத்தம். ஆனால் சேலத்துப் பேச்சில் 'தவறலை' என்றால் தவறவில்லை என்றுதான் காதில் விழும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சொல் நிலைக்காது.

அப்புறம், பிழைக்குப் பிறகு ஆள் மெதுவாகும் நிகழ்வு. உளவியலாளர் ராபிட் 1966இலேயே காட்டியது. இதற்கு 'பிழைப்பின் நிதானம்' என்று எழுதியிருந்தார்கள். 'பிழைப்பு' என்றதும் வயிற்றுப்பாடு நினைவுக்கு வரும் என்பது ஒரு பக்கம். 'நிதானம்' அழகான சொல். நானும் ஆசையோடுதான் பார்த்தேன். ஆனால் நிதானித்தவர் அடுத்ததைச் சரியாகச் செய்வார் என்ற நம்பிக்கையும் அதில் கூடவே வருகிறது. 2009இல் நோட்டபார்ட் குழு செய்த சோதனையில், பெரும்பாலும் தவறும்படி வேலையைக் கடினமாக்கியபோது, அரிதாகச் சரியாகச் செய்த பின்னர்தான் ஆட்கள் மெதுவானார்கள். எதிர்பாராதது எதுவானாலும் கவனம் அதன் பக்கம் திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். அதனால் 'பிழைக்குப் பிந்தைய வேகக்குறைவு' என்று வெறுமையாகவே வைப்போம்.

கடைசியாக, cognitive control என்பதற்கு இங்கே வந்த 'அறிகைக் கட்டுப்பாடு'. முன் சிங்குலேட் புறணி முரண்பாட்டைக் கண்டு குரல் கொடுக்க, நெற்றிப் புறணி அதைக் கேட்டுக் கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பது பாட்வினிக்கும் மற்றவர்களும் 2001இல் வைத்த கருத்து. இதில் தடுப்பதைவிடத் திருப்புவது அதிகம். 'கட்டுப்பாடு' என்றால் தடை, ஒழுங்கு என்றே நம் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். 'அறிகை நெறிப்படுத்தல்' எனக்குச் சம்மதம். சொல் நீளம் என்பவர்கள் மாற்று தாருங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து