கொழும்பு வழியாகப் போன சரக்குக்கு வரிச்சலுகை மறுக்கிறார்கள், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூரில் சின்ன அளவில் ஏற்றுமதி செய்கிறோம். சரக்கு, ஆண்களுக்கான பருத்தி டி-சர்ட், எச்.எஸ். கோடு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 6109.10. மே கடைசியில் தூத்துக்குடியில் ஏற்றினோம். கொழும்பில் கப்பல் மாறி ஜூலையில் மெல்போர்ன் சேர்ந்தது.

29 டிசம்பர் 2022 முதல் நடப்பில் உள்ள இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தப்படி இதற்கு வரி கிடையாது. ஆனால் வாங்கியவரின் கஸ்டம்ஸ் ஏஜென்ட், கொழும்பில் பெட்டியைத் திறக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டு 5% வரி கட்டவைத்துவிட்டார். அந்தத் தொகையை எங்கள் பில்லில் கழிப்பதாக வாங்கியவர் சொல்கிறார்.

ஒரிஜின் சான்றிதழ் (சரக்கு இந்தியாவில் தயாரானது என்பதற்கானது) சரியாகவே இருக்கிறது. சிக்கல் பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீதில். ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) கொடுத்ததில் மெல்போர்ன் வரை இருக்கிறது; கொழும்பு வரை கொண்டுபோன ஃபீடர் (சிறு) கப்பலுடையதில் கொழும்போடு முடிகிறது. கன்டெய்னர் எண், சீல் எண் இரண்டிலும் ஒன்றுதான், அதைக் காட்டியும் ஏற்கவில்லை.

இரு நாட்டு வணிகக் கவுன்சில் ஒன்றிடமும் கேட்டோம். விதியைப் பொறுமையாக விளக்கினார்கள். தகவல் சொல்வதோடு சரி, தனி நிறுவனத்துக்காக அரசிடம் பேசமாட்டார்களாம். பொது அமைப்பு, அது நியாயம்தான். கப்பல் கம்பெனியோ கொழும்பு கஸ்டம்ஸைக் கேளுங்கள் என்கிறது. அங்கே எங்களுக்கு ஆள் இல்லை.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, பெட்டி திறக்கப்படவில்லை என்ற சான்றைக் கொழும்பு கஸ்டம்ஸிடம் யாராவது வாங்கியிருக்கிறீர்களா, யார் மூலமாக வாங்கினீர்கள்?