கஞ்சா மொட்டு வெளியில மொறுமொறு, ஜாடிக்குள்ள போனா நமத்துப்போகுது

கேள்வி: ஒன்டாரியோவில சட்டப்படி நாலு செடி வளர்த்து அறுத்தாச்சு. நாலாம் நாளே மொட்டு மொறுமொறுப்பு. ஜாடியில போட்டா மறுநாள் நமத்து, வைக்கோல் மணம் வருது. ஏன்?

பதில்: வேகமாக் காஞ்சிட்டுது. மேல்பக்கம் மட்டும் காஞ்சு, தண்டு ஈரம் உள்ளுக்கே நிக்குது. மூடினதும் அது வெளிய வருது. ஹீட்டர் ஓடுற அறை காத்தை வறட்டிப்போடும். இருட்டறை, 18–20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 55–60 சதவீதம் வேணும். கொப்போட தலைகீழாத் தொங்கவிடுங்கோ. விசிறி சுவரைப் பார்க்கோணும், மொட்டில நேரா அடிக்கக் கூடாது. 10 நாளாவது பிடிக்கும். சின்னக் காம்பை வளைச்சா டக்கெண்டு முறியோணும்.

பதில்: இப்ப இருக்கிறதைத் தட்டில பரப்பி அரை நாள் விடுங்கோ. பிறகு கண்ணாடி ஜாடியில முக்கால்வாசி மட்டும், உள்ளுக்கு ஒரு சின்ன ஈரமானி. 58–62 காட்டினாச் சரி. 65 தாண்டினா உடனே வெளியில எடுங்கோ. முதல் வாரம் தினமும் 10 நிமிடம் திறவுங்கோ, பிறகு வாரம் ரெண்டு தரம். நாலு வாரமாவது வையுங்கோ, அவசரப்படாதேங்கோ. அமோனியா மணம் வந்தா ஈரம் கூட எண்டு அர்த்தம்.

பதில்: மூடமுதல் தடிச்ச மொட்டு ஒண்டைப் பிளந்து பாருங்கோ. நடுத்தண்டை ஒட்டிச் சாம்பல் பூத்திருந்தா அது பொட்ரைட்டிஸ் பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தை வச்சிருக்க வேண்டாம்; மொட்டு முழுக்க எறியுங்கோ.