'அப்புறம் பேசுறேன்' என்று எத்தனை பேரிடம் சொன்னேன்?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால், செலவுக் கணக்கோடு சேர்த்து நான் நடந்துகொண்ட விதத்துக்கும் ஒரு கணக்குப் பார்ப்பேன். சில வருடங்களாக அதை மனதுக்குள்ளேயே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்லை, நல்ல மனுஷன்தான்' என்றே முடிந்தது. எழுதுபவனும் நான், தணிக்கை செய்பவனும் நான் என்றால் வேறு எப்படி முடியும்?

இந்த முறை ஞாபகத்தை நம்பவில்லை. போனில் நான் அனுப்பிய செய்திகளில் 'அப்புறம் பேசுறேன்' என்று தேடினேன். 37 வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், சொன்னபடி பேசியது 9 தடவைதான். மேலதிகாரிக்கு அனுப்பியவை 4. நான்குக்கும் அன்றைக்கே பேசியிருக்கிறேன். அக்காவுக்கு அனுப்பியவை 11, பேசியது 2. யாருக்கு முதலிடம் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் அக்கா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதைவிடச் சுருக்கென்று தைத்தது இன்னொன்று. ஆகஸ்டில் ஒரு கூட்டத்தில், என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பியை, "இந்த எண்ணைக்கூடச் சரிபார்க்க மாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தேன். இப்போது பழைய மின்னஞ்சலைத் திறந்தால், தப்பான எண் நான் அவனுக்கு அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும்ணா," என்றான்.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

பதில் சொல்ல வரவில்லை. நீங்களும் இப்படி எதையாவது கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நான் தேடிப் பார்க்கவெல்லாம் இல்லை, மகளிடமே கேட்டுவிட்டேன். "அம்மா, போன்ல வெளியாளுங்ககிட்ட பேசுற குரல் வேற, வச்சதும் எங்ககிட்ட பேசுற குரல் வேற" என்றாள். அன்று மாலையே ஒரு அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பி, "என்னடி வேணும்?" என்று கேட்டபோது என் காதிலேயே விழுந்தது.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நடத்தையைக் கவனிக்க ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் கவனம், தவறினால் ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் அவர் எழுதிய பட்டியலில் 12 குணங்கள்தான் இருந்தன. உங்களைத் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் பொதுவாக எல்லாரும் நினைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் பக்குவமாகச் சொன்ன பிறகுதான் 13-ஆவதாகப் பணிவு சேர்ந்தது. அவ்வளவு கவனமான ஆளுக்கே அது வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

* * *

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் டிசம்பர் 31 இரவு எனக்கும் அப்படி மன்னிப்புக் கேட்டு ஒரு அழைப்பு வந்தது. வேலையில் என்னைப் பற்றி இல்லாததைச் சொல்லிவைத்தவர். அழுதார். அரை மணி நேரம் நான்தான் "விடுங்க, பரவாயில்லை" என்று தேற்றிக்கொண்டிருந்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குத்தான் பழசெல்லாம் கிளறிவிட்டு விடியும்வரை தூக்கமில்லை. யாரிடம் இல்லாததைச் சொன்னாரோ, அவர்களிடம் இன்றுவரை ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. அதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

* * *

முதலில் எழுதியவன்தான். மேலே உள்ளதைப் படித்ததும் சங்கடமாகிவிட்டது. அந்தத் தம்பியைத் திட்டியது எட்டுப் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது கதவைச் சாத்திக்கொண்டு, போனில். அடுத்த கூட்டம் ஜனவரி முதல் வாரம். அதே எட்டுப் பேரும் வருவார்கள். அங்கே சொல்லலாமா என்று முதலில் அவனிடமே கேட்க வேண்டும். அக்காவுக்குச் செய்தி அனுப்பவில்லை, நேராகக் கூப்பிட்டுவிட்டேன். எடுத்ததும், "என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.