டட்சன் 620 பிக்கப்: ஓட்டோ கியரைக் கழற்றி மெனுவல் போடலாமா?

லிந்துலை லீக்ஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட 1978 டட்சன் 620 பிக்கப் ஒன்னு இருக்கு. பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட், எல்20பி பெற்றோல் எஞ்சின், 1952 சிசி. வாகன இறக்குமதி நின்னு போய் ஓட்டை உடைசலுக்கெல்லாம் தங்க விலை சொன்ன நேரம், 2021இல வாங்கினேன். வீட்டு வாசல்ல நிப்பாட்டின பிறகுதான் பக்கத்து லயத்துப் பெரியவர் எட்டிப் பார்த்துட்டு, "கிளச் பெடல் எங்கடா தம்பி, துரை வீட்டுக் காரையா வாங்கிட்டு வந்த?"ன்னு கேட்டார். மூனு கியர் ஓட்டோ.

லீக்ஸ், கரட் ஏத்திக்கிட்டு நானுஓயா வழியா நுவரெலியா போவேன். மாசத்துல ரெண்டு தரம் ரம்பொடை இறங்கி கம்பளை. இப்ப ஒரு வருசமா கியர் லேசில மாறுறதே இல்லை. எஞ்சின் கத்து கத்துன்னு கத்தி, அப்புறம் பின்னால யாரோ உதைச்ச மாதிரி டொக்குன்னு விழும். இறக்கத்துல பிரேக் சூடாகி நாத்தம் வருது. கியர் ஒயில் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குறையுது, நானும் ஊத்திக்கிட்டேதான் இருக்கேன். ஆனா வண்டிக்குக் கீழ ஒரு சொட்டுக்கூட இல்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய பாகம் விக்கிற ஒருத்தர் அஞ்சு கியர் மெனுவல் பெட்டி இருக்குன்னு சொல்லி முற்பணம் கேக்கிறார். பெட்டியை வாங்கி மாத்தினா போதுமா? வேற என்ன வேணும்? யாராவது செஞ்சிருக்கீங்களா?

பண்டாரவளை தம்பி:

அண்ணே, மாத்துங்க. இந்த மலையில கிளச் இல்லாத வண்டியா? என் மச்சானுக்கு ஓட்டோ லைசன்ஸ்தான் இருக்கு, அவனை மட்டும் ஓட்ட விடாதீங்க.

ஹட்டன் பழைய கராஜ்:

தம்பி, நான் ஒரு 620க்கு இந்த வேலையைச் செஞ்சிருக்கேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை, அதே வண்டிக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பெட்டி வாங்குறது வேலையில கால்வாசிதான். முடிஞ்சா பெட்டியா வாங்காதீங்க, உடைக்கப் போற மெனுவல் 620 ஒன்னைத் தேடிப் பிடிச்சு எல்லாத்தையும் மொத்தமா கழற்றுங்க. பெடல் செட், கிளச் மாஸ்டர் சிலிண்டர், கீழ் சிலிண்டர், அந்த ஹோஸ், பிளைவீல், பிளைவீல் போல்ட், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவுல வர்ற தகடு, ஸ்டார்ட்டர், கியர் லீவர் ரப்பர், முன் துண்டு ஷாப்ட், பெட்டியைத் தாங்குற குறுக்குச் சட்டம், மீட்டர் கேபிள். இதுல ஒன்னை விட்டாலும் அதுக்காக மறுபடி கொழும்புக்கு பஸ் ஏறணும். ஓட்டோவுல இருக்கிறது பிளைவீல் இல்லை, மெல்லிசான ஒரு டிரைவ் பிளேட். அதோட போல்ட் நீளம் குறைவு. அதையே பிளைவீலுக்குப் போட்டு முடுக்கினா மரையில பாதிதான் பிடிக்கும். கையில எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, தெரியும்.

நான் தோத்த இடம் கிராங்க் முனையில இருக்கிற பைலட் புஷ். மெனுவல் பெட்டியோட முன் ஷாப்ட் நுனி அந்தப் பித்தளை புஷ்ஷுக்குள்ளதான் சுத்தும். ஓட்டோ எஞ்சின்ல அது இருக்காது. எனக்கு அது தெரியாது, அவசரத்துல பூட்டி அனுப்பிட்டேன். மூனு மாசத்துல கிளச் மிதிச்சா ஆட்டுக்கல் அரைக்கிற சத்தம். இறக்கிப் பார்த்தா முன் பேரிங் போயே போச்சு. சரின்னு புது புஷ் அடிச்சேன், அது சாய்ஞ்சு பாதியில மாட்டிக்கிச்சு. இழுக்கிற கருவி கையில இல்லை. எங்க கராஜ்ல இருந்த வயசான மெக்கானிக் பாஸ் ஒருத்தர் டீக்கு வாங்கி வச்சிருந்த பாணை எடுத்தார். உள் சதையை மட்டும் பிச்சு தண்ணியில நனைச்சு, அந்த ஓட்டைக்குள்ள திணிச்சார். ஓட்டைக்கு இறுக்கமா வர்ற ஒரு கம்பியை வச்சு சுத்தியலால தட்டினார். பாண் உள்ள போகப் போக இடமில்லாம பின்னால இருந்து புஷ்ஷைத் தள்ளுது. நாலாவது திணிப்புல புஷ் சொத்துன்னு கையில விழுந்துச்சு, பின்னாலயே பாண் உருண்டை. கிறீஸ் வச்சும் செய்யலாம், ஆனா மூஞ்சியில தெறிக்கும். புது புஷ்ஷை ஒரு ராத்திரி எஞ்சின் ஒயில்ல ஊற வச்சுப் போடுங்க.

அடுத்தது, இந்த எல் எஞ்சின்களுக்கே உரிய வில்லங்கம். கிளச் பேரிங் உட்கார்ற கொலர் பல நீளத்துல வரும். 200 மில்லிமீட்டர் கிளச்சுக்கு ஒன்னு, 225க்கு வேற. கிளச் தட்டை அழுத்துற பிரஷர் பிளேட் ஒரு வண்டியிலயும் கொலர் இன்னொரு வண்டியிலயும் எடுத்தீங்கன்னா, ஒன்னு கிளச் விடாது, இல்லாட்டி பிடிக்காது. பெடலை எவ்வளவு திருகினாலும் சரிவராது. ரெண்டையும் ஒரே வண்டியில இருந்து எடுங்க.

பெட்டியில இருந்து பின் அச்சுக்குப் போற ஷாப்டோட நீளத்தை அளக்கிறப்போ வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கணும். ஜாக்கில தூக்கி அளந்தா பின் அச்சு தொங்கி, கணக்கு தப்பிடும். வெட்டி ஒட்டினா பேலன்ஸ் பண்ணாம போடாதீங்க, ஓடுறப்போ வண்டியே நடுங்கும்.

சின்னச் சின்னது: பி (பார்க்கிங்), என் (நியூட்ரல்) ரெண்டுல மட்டும் ஸ்டார்ட் ஆக விடுற சுவிட்ச் ஒன்னு ஓட்டோ பெட்டியில இருக்கும். அந்த ரெண்டு வயரையும் சேர்க்காட்டி சாவி திருப்பினா ஒன்னும் நடக்காது. ரிவர்ஸ் லைட் வயரைப் புதுப் பெட்டி சுவிட்சுக்குக் கொண்டு வாங்க. ரேடியேட்டருக்குப் போற ஒயில் குழாய் ரெண்டையும் அடைச்சுடுங்க. எஞ்சின் மெனிபோல்ட்ல இருந்து பெட்டிக்கு ஒரு வேக்குவம் ஹோஸ் வரும், அதையும் அடைக்கணும், இல்லாட்டி ஐடில் நிக்காது.

நானுஓயா மழை:

கராஜ் அண்ணன் கடைசியா சொன்ன அந்த ஹோஸை லீக்ஸ்காரர் முதல்ல கழற்றிப் பார்க்கணும். கீழ சொட்டாம ஒயில் குறையுதுன்னா அது எங்க போகுது? அந்த ஹோஸ் போய்ச் சேர்ற இடத்துல, பெட்டியோட ஒட்டி தகர டப்பா மாதிரி ஒன்னு இருக்கும். உள்ள ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிஞ்சா எஞ்சின் அந்த வழியா ஒயிலை உறிஞ்சி எரிச்சிடும். சவ்வு கிழிஞ்சா பெட்டிக்கு எஞ்சின் இழுவை தெரியாது, அதான் கியர் பிந்தி மாறி உதைக்குது. ஏத்தத்துல வெள்ளைப் புகை வருதா?

இன்னொன்னு. இறக்கத்துல டி-யிலயே (டிரைவ்) விட்டுட்டு வர்றீங்களா? அந்தப் பெட்டியில 2ல போட்டா ரெண்டாம் கியர்லயே நிக்கும். ரம்பொடை இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போடணும், பாதி வழியில வேகம் ஏறின பிறகு இல்லை.

லிந்துலை லீக்ஸ்காரன்:

புகை வருது. நான் எஞ்சின் ரிங் தேய்ஞ்சிருக்குன்னு நினைச்சு அதுக்கு வேற காசு சேர்த்துக்கிட்டு இருந்தேன். 2னு ஒன்னு எதுக்கு இருக்குன்னு நாலு வருசமா யோசிச்சதே இல்லை, வெக்கமா இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் பார்க்கிறேன்.

ஹட்டன் பழைய கராஜ்:

நானுஓயாக்காரர் சொன்னது சரி. கேள்வியில ஒயில் குறையுதுன்னு எழுதியிருந்ததை நான் வாசிச்சுட்டும் தாண்டிப் போயிட்டேன், மெனுவல் ஆசை கண்ணை மறைச்சிட்டுது. டப்பாவைக் கழற்றுறப்போ உள்ள ஒரு சின்னத் தண்டு இருக்கும், பென்சில் துண்டு மாதிரி. அது ஒயிலோட வழுகி எங்காவது விழுந்துடும், தொலைச்சிடாதீங்க. நீளம் பெட்டிக்குப் பெட்டி மாறும், பழையதையே திருப்பிப் போடணும்.

லிந்துலை லீக்ஸ்காரன்:

ஹோஸைக் கழற்றினேன். சாய்ச்சதும் சிவப்பு ஒயில் ஒழுகி கை முழங்கை வரைக்கும் ஆயிடுச்சு. புது டப்பா கொழும்புல இருந்து வர ஒன்பது நாள். பூட்டி, லீக்ஸ் ஏத்தி நுவரெலியா போய் வந்தாச்சு. உதை இல்லை, புகை இல்லை. நேத்து ரம்பொடையை 2ல போட்டே இறங்கினேன், பிரேக் நாத்தம் வரலை. எஞ்சின் சத்தம் கேட்டு பின்னால வந்த பஸ்காரர்தான் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே வந்தார்.

ஆனா நான் ஒரு அவசரக்காரன். நீங்க பதில் எழுத முன்னாடியே அந்த அஞ்சு கியர் பெட்டிக்கு முற்பணம் கட்டிட்டேன், அவர் திருப்பித் தர மாட்டேங்கிறார், அதனால பெட்டியையே எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பெட்டி இப்ப கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல சாக்குல சுத்திக் கிடக்குது. கராஜ் அண்ணே, மெனுவல் 620 எங்கயாவது உடைச்சா சொல்லுங்க. கொலரும் பிரஷர் பிளேட்டும் ஒரே வண்டியில இருந்து.