பெர்கின்ஸ் அம்மா ஃபார்வர்டும் வீட்டு குரூப்பும்

கவின்: [ஃபார்வர்ட்] அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ்! 1933-இல் பதவியேற்றதுமே 8 மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, பென்ஷன் எல்லாம் கொண்டுவந்தார்!! பகிருங்கள் 🙏

வசந்தி அத்தை: முதல் பெண் அமைச்சர்ங்கிறது சரி. 1945 வரைக்கும் தொழிலாளர் துறை அவங்ககிட்டதான். "பதவியேற்றதுமே"ன்னு இருக்கே, அதுதான் புருடா. கூலிச் சட்டத்துல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டது 1938 ஜூன் 25.

கவின்: அஞ்சு வருஷமா? ஏன் அத்தை?

வசந்தி அத்தை: கோர்ட்டுதான். 1935-ல கூலி, நேரம் நிர்ணயிச்ச தொழில் மீட்புச் சட்டம் உச்ச நீதிமன்றத்துல அடிபட்டுப் போச்சு. 36-ல நியூயார்க் பெண்களோட கூலிச் சட்டமும் அவுட். பெர்கின்ஸ் ரெண்டு மசோதாவைத் தயார் பண்ணி மேஜை டிராயர்ல பூட்டியே வச்சிருந்தாங்க. 36-ல முதல்ல ஒண்ணை எடுத்தாங்க. அரசாங்கத்துக்கு 10,000 டாலருக்கு மேல சரக்கு சப்ளை பண்றவங்களுக்கு மட்டும் கூலி, நேர நிபந்தனை. காசு குடுத்து வாங்குறவன் கண்டிஷன் போடலாம், கோர்ட் கேக்க முடியாதுல்ல. 37 மார்ச்ல கூலிச் சட்டம் செல்லும்னு கோர்ட்டே மாறினப்புறம்தான் ரெண்டாவது வெளிய வந்துச்சு, அதுதான் 38-ல சட்டமாச்சு.

ரவி சித்தப்பா: 8 மணி நேரம்ங்கிறதும் தப்பு. அந்தச் சட்டத்துல ஒரு நாளைக்கு இத்தனை மணிதான்னு வரம்பே கிடையாது, வாரக் கணக்குதான். முதல் வருஷம் 44, அடுத்து 42, அப்புறம் 40. அதுக்கு மேல வேலை வாங்கத் தடையில்ல, ஒன்றரை மடங்கு கூலி குடுக்கணும். ஆரம்பக் கூலி மணிக்கு 25 சென்ட்.

வசந்தி அத்தை: வயல் வேலைக்காரங்களையும் வீட்டு வேலைக்காரங்களையும் விட்டுட்டாங்க, அதையும் சொல்லு ரவி. கறுப்பினப் பெண்கள் நிறைய பேர் அந்த வேலைகள்லதான் இருந்தாங்க. சும்மா 'எல்லாருக்கும்'னு எழுதக்கூடாது.

கவின்: பென்ஷன்?

வசந்தி அத்தை: சட்டம் 1935 ஆகஸ்ட் 14. பிடித்தம் 1937 ஜனவரில ஆரம்பம். தொழிலாளி 1%, முதலாளி 1%, வருஷச் சம்பளத்துல முதல் 3,000 டாலருக்கு மட்டும். மாச பென்ஷன் கைக்கு வந்தது 1940-ல. நம்ம பி.எஃப். மாதிரி அவங்கவங்க பேர்ல பணம் சேராது, வரியா வசூல் பண்ணித் தர்றது. வரி போடுற அதிகாரத்துல நின்னா கோர்ட்டுல தாங்கும்னு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருத்தரே டீ விருந்துல பெர்கின்ஸ் காதுல போட்டாராம்.

கவின்: அவங்க இதுக்குள்ள எப்படி வந்தாங்க?

ரவி சித்தப்பா: ஆரம்பத்துலேருந்தே தொழிலாளர் நலனுக்காகத்தான் வேலை பார்த்தாங்க. அப்போ 1911 மார்ச் 25 ட்ரையாங்கிள் தீ விபத்தை நேர்ல பார்த்தாங்க. நியூயார்க், 10 மாடிக் கட்டடம், 8-லேருந்து 10 வரைக்கும் ப்ளவுஸ் தைக்கிற கம்பெனி. 8-வது மாடியில கட்டிங் டேபிளுக்குக் கீழ வேஸ்ட் துணியில பிடிச்சது. 9-வது மாடியில ஒரு கதவு பூட்டியிருந்துச்சு. துணி திருடுவாங்கன்னு ஒரே வாசல்ல பை செக் பண்ணி விடுறது வழக்கம். இன்னொரு பக்கம் நெருப்பு. வெளிப்பக்க இரும்புப் படி கனம் தாங்காம சரிஞ்சுது. தீயணைப்பு ஏணி 6-வது மாடிதான் எட்டுச்சு. 146 பேர் செத்துப் போனாங்க.

கவின்: முதலாளி ஜெயிலுக்குப் போனாரா?

வசந்தி அத்தை: ரெண்டு பேர், ரெண்டு பேரும் விடுதலை. அந்த நேரத்துல கதவு பூட்டியிருந்தது அவங்களுக்குத் தெரியும்னு நிரூபிக்கணும். முடியல.

ரவி சித்தப்பா: வேலை நேரத்துல கதவைப் பூட்டக்கூடாதுன்னு மாநிலச் சட்டம் அப்பவே இருந்துச்சு. தீ விபத்துக்கப்புறம் வந்த சட்டங்கள்ல தீ ஒத்திகையும் வந்துச்சு. விசாரணைக் கமிஷன் ஆளுங்களுக்கு பெர்கின்ஸ் ஃபேக்டரிகளைச் சுத்திக் காட்டினாங்க. ஒரு இடத்துல 'தீத் தப்பு வழி'ன்னு போர்டு. சுவத்துல ஒரு சின்ன ஓட்டை, வெளிய ஐஸ் படிஞ்ச ஏணி, தரைக்கு 12 அடி மேலயே அது முடிஞ்சுடும். கமிஷன்ல இருந்த மாநில செனட்டர் வாக்னரை அதுல தவழ்ந்து போக வச்சாங்க 😄

கவின்: சரி, திருத்தி எழுதிட்டு அனுப்புறேன்.

வசந்தி அத்தை: 'பகிருங்கள்'ஐ மொதல்ல எடு.