டபுள் கெப்புக்குப் பெரிய டயர்: அவுஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களுக்கு

அக்கரைப்பற்றிலிருந்து வந்து விக்டோரியாவின் ஷெப்பர்டன் பக்கத்தில் பழத்தோட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், தாம் வாங்கிய பாவித்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப்புக்கு (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள வண்டி) 20 அங்குல ரிம்மும் பெரிய டயரும் போடலாமா என்று கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலிருந்து வரும் பலருக்கும் இதே ஆசை இருப்பதால், கல்லடியில் டயர் கடையொன்றில் தொழில் பழகி இங்கும் அதே தொழிலைச் செய்துவரும் நான் விரிவாக எழுதுகிறேன். தம்பி, டயரின் உயரத்தைச் சற்றுக் கூட்டலாம். ரிம்மைப் பெரிதாக்க வேண்டாம்.

மாரி காலத்தில் படுவான்கரை வயல் வழிகளில் கெப் ஓட்டியவர்களுக்குப் பெரிய டயரின் அருமை தெரியும். சேற்றிலும் வெள்ளத்திலும் வண்டியின் அடி தட்டாமல் போக அதுவே கைகொடுக்கிறது. ஆனால் அங்கே நாம் ஊர்ந்துதான் போகிறோம். இங்கோ ஊர் எல்லை தாண்டியதும், வேறு பலகை இல்லாத இடங்களில், பொதுவாக மணிக்கு 100 கிலோமீற்றர் வரை போகலாம். வழியின் பெரும்பகுதி கிரவலாகவும் இருக்கலாம். அந்த வேகத்தில், கோடை வெயிலில், தட்டு நிறையச் சாமான் ஏற்றிய வண்டியைத் தாங்குவதற்கே இங்கு டயர் தெரிவு செய்யப்பட வேண்டும்.

முதலில் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள். உங்களுடைய மாதிரியில் 265/65ஆர்17 என்று இருக்கக்கூடும். 265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது ஏறத்தாழ 172 மில்லிமீற்றர். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இரண்டு பக்கச் சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். 265/70ஆர்17 போட்டால் அது 803 ஆகும். 285/70ஆர்17 போட்டால் 831 ஆகும். வாகன மாற்றங்களைப் பற்றிய தேசிய விதிக்கோவை, பொறியியலாளர் சான்றிதழ் இல்லாமல், இத்தகைய சாமான் ஏற்றும் வாகனங்களுக்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட மிகப் பெரிய டயரை விட 50 மில்லிமீற்றர் வரையே விட்டத்தைக் கூட்ட இடம் தருகிறது. ஆகவே முன்னது எல்லைக்குள் நிற்கிறது; பலரும் ஆசைப்படும் பின்னது 55 மில்லிமீற்றர் கூடி எல்லை மீறுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவதால், பணம் கொடுப்பதற்கு முன்னர் உங்கள் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுறுத்தலை வாசித்துவிடுங்கள்.

இனி 20 அங்குல ரிம்முக்கு வருகிறேன். முழு விட்டம் மாறாமல் அந்த ரிம்மைப் போட வேண்டுமானால் 265/50ஆர்20 போன்ற டயர்தான் பொருந்தும். அதன் பக்கச் சுவர் 132 மில்லிமீற்றர் அளவே. அதாவது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த 40 மில்லிமீற்றர் காற்றையும் இறப்பரையும் நீங்களே காசு கொடுத்துக் கழற்றுகிறீர்கள். கிரவல் வீதியில் குழி விளிம்பிலோ கூரிய கல்லிலோ சக்கரம் மோதும்போது பக்கச் சுவர் நசுங்கி அறுந்துபோவதும், அலோய் ரிம் வெடிப்பதும் இப்படித்தான் நேர்கிறது. மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும் வசதியும் போய்விடும். அழகு என்பது அவரவர் விருப்பம். ஆனால் அடுத்த டயர் கடை 80 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு இந்த மாற்றத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாவித்த ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஹைலக்ஸுக்கும் போர்ட் ரேஞ்சருக்கும் ஆறு நட்டுகள்; நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 139.7 மில்லிமீற்றர்தான். ஆயினும் நடுத்துளை ரேஞ்சரில் 93.1, ஹைலக்ஸில் 106.1 என்பதால் ரேஞ்சரின் ரிம் ஹைலக்ஸில் ஏறாது. ஹைலக்ஸின் ரிம் ரேஞ்சரில் ஏறினாலும் நடுவில் பிடிப்பின்றி நிற்கும். அடுத்தது ஓஃப்செட் எனப்படும் அளவு; வண்டியில் பொருந்தும் ரிம்மின் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதே அது. +30 ஓஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிப் பூச்சியம் உள்ளதைப் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்பட்டு, இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 60 மில்லிமீற்றர் கூடிவிடும். அது விதிக்கோவை தரும் எல்லையைத் தாண்டுவதோடு, பெயாரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இடைவிடாத சுமையாகும். டயர் மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பொலிசாரும் நிறுத்துவார்கள்.

டயரின் பாரக் குறியீடு பட்டியலில் உள்ளதை விடக் குறையவே கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோகிராமும், 121 என்றால் 1450 கிலோகிராமும் தாங்கும். எல்.டி. (லைட் ட்ரக், அதாவது சிறிய லொறி வகை) என்று குறிக்கப்பட்ட தடித்த டயர்கள் கிரவலுக்கு நல்லவை. ஆனால் அதே பாரத்தைத் தாங்க அவற்றுக்குச் சாதாரண டயரை விடக் கூடுதலாகக் காற்று அடிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பழைய அளவையே அடித்துக்கொண்டு ஓடினால் டயர் உள்ளே சூடேறிப் பழுதாகும்.

உயரம் கூடிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளும். 803 மில்லிமீற்றர் டயரில் வேகமானி 100 என்று காட்டும்போது, டயர் மாற்றத்தால் மட்டுமே உண்மை வேகம் 3 கிலோமீற்றருக்கு மேல் கூடுகிறது. வேகமானி உண்மை வேகத்தை விடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது இந்நாட்டுத் தரவிதி. வேகக் கமராவுக்குச் சாக்குச் சொல்லவும் முடியாது. ஆகவே ஜீ.பி.எஸ். மூலம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இழுவை சற்றுக் குறைந்து எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பிரேக் பிடிக்கவும் சற்றுக் கூடுதல் தூரம் தேவைப்படும்.

மாற்றம் செய்தபின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து அவர்களுடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்; புதிதாக வந்து கடனோடு வாழும் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத அடி. விக்டோரியாவில் வண்டியை விற்கும்போது தேவைப்படும் தகுதிச் சான்றிதழும் விதி மீறிய சக்கரத்தோடு கிடைக்காது.

டயரைப் பூட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன்னும் பின்னும் ஓட்டி எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை டோர்க் ரென்ச்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் சாவியால்) மீண்டும் இறுக்குங்கள். ஸ்பெயார் வீலையும் அதே அளவில் ஐந்தாவதாக வாங்குங்கள். தட்டுக்கு அடியில் அது கொள்ளுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். வழியில் பழைய சிறிய ஸ்பெயாரைப் பூட்ட நேர்ந்தால், நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல், அடுத்த டயர் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.