மொறிஸ் மைனர் 1098: ஐட்லிங்கில "டிக் டிக்", டப்பெற் இறுக்கியும் நிக்கேல்ல

கிளி மைனர் (கிளிநொச்சி):
வணக்கம் அண்ணைமார். மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி இஞ்சின். போர்க்காலத்துப் பெற்றோல் தடையில மண்ணெண்ணெயில ஓடி, பிறகு கனகாலம் கொட்டிலுக்குள்ள நிண்ட கார். இப்ப 92 பெற்றோல், 20டபிள்யூ-50 ஒயில். ஐட்லிங்கில மேல்பக்கத்தால ஒரே தாளத்தில டிக் டிக் எண்டு அடிக்குது. அக்சிலேற்றரை மிதிக்கச் சத்தம் விரைவாகுது, ஆனா ஆழமான இடி மாதிரி இல்லை. ஒரு கராஜில "டப்பெற் (வால்வு இடைவெளி) தான்" எண்டு சொல்லி எட்டையும் இறுக்கி விட்டவை. சத்தம் பாதியாக் குறைஞ்சது. ஆனா இப்ப சூட்டோட திரும்ப ஸ்ராட் எடுக்கக் கஷ்டம், ஐட்லிங் ஆடுது, இழுவையும் இல்லை. எங்க பிழை?

முறிகண்டி ஸ்பனர்:
தம்பி, காரை இனி ஓடாதேங்கோ. சத்தம் குறைய வேணுமெண்டு இறுக்கினதில, வால்வுக்கும் அதை அமத்துற றொக்கர் கைக்கும் இடையில இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமலே போயிருக்கும். இடைவெளி இல்லாட்டி வால்வு தன்ரை சீற்றில முழுசா இருக்காது. எக்ஸோஸ்ற் வால்வு சூட்டை இறக்கிறதே சீற்றில இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில தான். அது கிடைக்காட்டி விளிம்பு எரிஞ்சு போகும், பிறகு ஹெட் கழட்டிற வேலை. டிக் எண்டு அடிக்கிற வால்வு உடனே சாகாது, ஒரு சத்தமும் போடாத இறுக்கமான வால்வு தான் செலவு வைக்கும்.

இந்த இஞ்சினுக்கு எட்டு வால்வுக்கும் ஒரே அளவு: இஞ்சின் குளிர்ந்திருக்கேக்க 0.012 அங்குலம், மெற்றிக் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) எண்டா 0.30 மி.மீ. இரவு முழுக்க நிண்ட காரில காலமை செய்யுங்கோ. நாலு பிளக்கையும் கழட்டினா ஹான்டிலால லேசாச் சுத்தலாம். ரேடியேற்றர் பக்கத்தில இருந்து 1, 2, 3 எண்டு எண்ணுங்கோ. 1, 4, 5, 8 எக்ஸோஸ்ற், மற்ற நாலும் இன்லெற்.

எந்த வால்வைப் பிடிக்கிறதெண்டதுக்கு ஒன்பது கணக்கு. 8 முழுக்கக் கீழ போய் நிக்கேக்க 1ஐச் சரி செய்யுங்கோ. 6 கீழ எண்டா 3, 4 கீழ எண்டா 5, 7 கீழ எண்டா 2. பிறகு 1 கீழ எண்டா 8, 3 கீழ எண்டா 6, 5 கீழ எண்டா 4, 2 கீழ எண்டா 7. எப்பவும் இரண்டையும் கூட்டினா 9 வரும். றொக்கரில இருக்கிற லொக் நட்டை இளக்கி, அதின்ரை மறையை ஸ்குறூ டிரைவரால திருப்பி, கேஜ் தகடு மெல்லிசா இழுபட்டு வாற அளவில விடுங்கோ. லொக் நட்டை இறுக்கேக்க மறையும் சேந்து சுத்தப் பாக்கும், அதால இறுக்கினாப்பிறகு இன்னொருக்காத் தகடு விட்டுப் பாக்கோணும். கனபேர் விடுற பிழை இதில தான்.

அது முடிய நாலு சிலிண்டரிலயும் கொம்பிரஷன் பாருங்கோ. ஒண்டு மட்டும் கனக்கக் குறைஞ்சா, அதுக்குள்ள ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கோ. ஏறினா றிங், ஏறாட்டி பெரும்பாலும் வால்வு.

ஏ9 பழசு (மாங்குளம்):
மேல சொன்னதோட, அது வால்வுச் சத்தம் தானோ எண்டும் பாக்கோணும். மைனரில எஸ்யூ கரண்ட் பெற்றோல் பம்ப் இருக்கு, அதுவும் டிக் டிக் எண்டு தான் அடிக்கும். இஞ்சினை ஸ்ராட் எடுக்காமல் சாவியை மட்டும் போடுங்கோ. அடிச்சுப்போட்டு நிண்டா அது பம்ப், குற்றம் இல்லை. நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருந்தா எங்கயோ காற்று இழுக்குது, இல்லாட்டி பெற்றோல் கசியுது.

மனிபோல்ட் கஸ்கற் ஊதினாலும் இதே சத்தம். வித்தியாசம், அது குளிரில பெரிசாக் கேக்கும், சூடேற இரும்பு விரிஞ்சு குறையும். சைலன்சர் வாயை ஈரத்துணியால ஒரு கணம் மூடினா கூடும். பிளக் வயரால கரண்ட் பாயிற சத்தமும் உண்டு, இருட்டில பொனற்றைத் திறந்தா நீலப்பொறி தெரியும்.

வால்வு வேகமோ கிராங்க் வேகமோ எண்டு பிரிக்க டைமிங் லைற்றை முதலாம் பிளக் வயரில கொழுவுங்கோ. அது கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருக்கா மின்னும், வால்வும் அப்பிடித்தான். சத்தமும் மின்னலும் ஒரே தாளமெண்டா வால்வுப் பக்கம். 800 சுற்றில ஒரு வால்வு செக்கனுக்குக் கிட்டத்தட்ட ஏழு தரம் அடிக்கும். பிளக் வயரை ஒவ்வொண்டாக் கழட்டேக்க சத்தம் மாறினா கொனெக்டிங் ரொட் பக்கம் சந்தேகப்படுங்கோ. வால்வுச் சத்தம் மாறாது.

அளவு சரிசெய்தாப்பிறகு, மேல்மூடி இல்லாமல் இஞ்சினை ஐட்லிங்கில விட்டு, மெல்லிய கேஜ் தகட்டை ஒவ்வொரு றொக்கருக்கும் வால்வுக்கும் இடையில விட்டுப் பாருங்கோ. எதில விட்டாச் சத்தம் நிக்குதோ அது தான் ஆள். ஒயில் தெறிக்கும், நல்ல சேட்டுப் போடாதேங்கோ.

கிளி மைனர்:
நன்றி அண்ணை. பம்ப் இல்லை, கஸ்கற்றும் சரி. பாத்தா ஆறு வால்வில இடைவெளியே இல்லை! எட்டையும் 12க்கு (0.012 அங்குலம்) வைச்சாச்சு. இழுவை திரும்பிட்டுது, கொம்பிரஷன் நாலும் கிட்டத்தட்ட ஒண்டு. ஆனா 4இலயும் 5இலயும் டிக் இன்னும் இருக்கு, தகடு விட்டா நிக்குது. கேஜ் 12 தானே காட்டுது?

வவுனியா லேத்:
கேஜ் பொய் சொல்லுது. றொக்கரின்ரை நுனி வால்வுத் தண்டில அடிச்சு அடிச்சுக் குழியாப் போயிருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்கு மேல பாலம் மாதிரி நிண்டு 12 காட்டும், உள்ளுக்க உண்மையான இடைவெளி 16, 18 எண்டு இருக்கலாம். அதுக்காக மறையை இன்னும் இறுக்கிறது திரும்பவும் முதல் பிழை தான்.

கார் மண்ணெண்ணெயில ஓடினதெண்டதால றொக்கர் சாவ்ற்றையும் (றொக்கர் எல்லாம் கோத்திருக்கிற தண்டு) பாக்கோணும். மண்ணெண்ணெய் முழுசா எரியாமல் சிலிண்டர் சுவரால சம்ப்புக்க (அடியில இருக்கிற ஒயில் தட்டு) இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் கடைசியாப் போய்ச்சேருற இடம் சாவ்ற் தானே, முதல் தேயிறதும் அது தான். புஷ் ரொட்டும் வால்வு ஸ்பிரிங்கும் றொக்கரை மேல தள்ளுறதால தேய்வு சாவ்ற்றுக்குக் கீழ்ப்பக்கத்தில. மேலால பாத்தா மினுக்கமா இருக்கும், கழட்டி நகத்தால தடவினா படி தெரியும்.

கழட்டேக்க ஒரு கவனம். சாவ்ற் தாங்கிகளைப் பிடிக்கிற எட்டு நட்டில நாலு ஹெட்டையும் பிடிக்கிற நட். ரேடியேற்றர் தண்ணியை இறக்கிப்போட்டு, ஹெட் நட் எல்லாத்தையும் முறைப்படி கொஞ்சம் கொஞ்சமா இளக்குங்கோ. அந்த நாலை மட்டும் இளக்கினா ஹெட் வளைஞ்சு தண்ணி உள்ளுக்க போகலாம். சாவ்ற்றுக்கு ஒயில் வாறது முன் தாங்கியால. அந்தத் துவாரத்தையும், சாவ்ற் நுனியில மறை போட்ட அடைப்பைக் கழட்டி உள்ளையும் கம்பியால குத்திக் கழுவுங்கோ. நிண்டு கிடந்த இஞ்சினில பாதி அடைபட்டிருக்கும்.

றொக்கர் காய்ச்சி அடிச்ச கெட்டி இரும்பு (forged) வகையெண்டா நுனியைத் தேய்ச்சுச் சரிசெய்து, சாவ்ற் போற துவாரத்துக்குப் புது புஷ் (உள்வளையம்) அடிக்கலாம். தகட்டில அடிச்சு எடுத்த வகையெண்டா புஷ் மாத்தேலாது, றொக்கரையே மாத்துங்கோ. புது றொக்கரைத் தேய்ஞ்ச சாவ்ற்றில போட்டா காசு வீண். பூட்டேக்க ஹெட் நட் 40 இறாத்தல்-அடி, தாங்கியின்ரை சின்ன நட் 25. பிறகு 12ஐத் திரும்ப வைக்கோணும்.

முறிகண்டி ஸ்பனர்:
இன்னொண்டு. இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் 2002இல நிண்டிட்டுது. இந்த இஞ்சினின்ரை சீற் ஹெட்டோட வாற வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாமல் வேகமா ஓடினா எக்ஸோஸ்ற் சீற் உள்வாங்கி, இடைவெளி தானாவே குறையும். ஒவ்வொரு முறையும் அளவை ஒரு கொப்பியில எழுதுங்கோ. 1, 4, 5, 8 மட்டும் இறுகிக்கொண்டு வந்தா ஹெட்டை லேத்துக்குக் குடுத்துக் கடின சீற் போடுற நேரம் வந்திட்டுது.

கிளி மைனர்:
சரி அண்ணை. சனிக்கிழமை தண்ணி இறக்கிச் சாவ்ற்றைக் கழட்டுறன். றொக்கர் எந்த வகையெண்டு படம் போடுறன்.